ஒருமுறை வந்த வருத்தத்தை உடம்பு எங்கே எழுதி வைக்கிறது?

எனக்குப் பொக்குளிப்பான் என்கிற அம்மை வந்தபோது ஏழு வயது. மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் எங்கள் வீட்டு நடு அறையில் பாய் விரித்து, தலைமாட்டில் வேப்பங்குலை வைத்து, வாசலிலும் ஒரு குலையைச் செருகிவிட்டார்கள். தம்பியையும் தங்கச்சியையும் அன்று பின்னேரமே கல்லாற்றுச் சித்தி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. அம்மா கதவு நிலையைப் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரை உள்ளே வர விடவில்லை, ஏனென்றால் அவருக்கு அந்த வருத்தம் அதுவரை வந்ததில்லை. உள்ளே வந்து இளநீர் பருக்கி, கடிக்கும் இடத்தை வேப்பிலையால் மெல்லத் தடவி, இரவிரவாக என் பக்கத்திலேயே படுத்தவர் அம்மம்மா. "நான் குமராயிருக்கக்குள்ள எனக்கு வந்திட்டு புள்ள. இனி எனக்கு வராது. நீ தள்ளி நில்லு" என்று அவர் அம்மாவிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

அம்மம்மா பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைதான். ஆனால் நிர்ப்பீடனம், அதாவது நோய் எதிர்ப்பு, என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பாடத்தின் பாதி அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. வைகாசி பிறந்தால் செட்டிபாளையத்திலும் தம்பிலுவிலிலும் காரைதீவிலும் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு நடக்கும். அம்மை நோய்களோடு பல தலைமுறை வாழ்ந்து பழகிய சனங்கள் நாங்கள். நோயாளியிடம் யார் போகலாம், யார் போகக்கூடாது என்பதை இங்கே யாரும் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை.

இதே விஷயத்தைக் கணக்குப் போட்டு நிறுவியவர் ஒரு டென்மார்க் வைத்தியர், பீற்றர் லுட்விக் பானும். வட அத்திலாந்திக்கில் பரோ தீவுகள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. 1781இல் அங்கே சின்னமுத்து (தட்டம்மை) பரவியது. அதன்பின் 65 வருடம் அந்த நோய் அந்தத் தீவுகளை எட்டிப் பார்க்கவில்லை. 1846இல் திரும்ப வந்தபோது, ஏறத்தாழ 7,800 பேரில் சுமார் 6,000 பேரைப் படுக்கையில் போட்டது. பானும் ஊர் ஊராகப் போய் விசாரித்தார். 1781இல் சின்னமுத்து வந்து பிழைத்த கிழவர்களும் கிழவிகளும் இன்னும் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட இரண்டாம் தடவை வரவில்லை. அதே வயதில், 1781இல் தப்பியிருந்தவர்களை அது பிடித்தது. ஆக, காப்பாற்றியது வயது இல்லை. 65 வருடத்துக்கு முந்திய ஒரு சின்னமுத்தின் நினைவு.

அந்த நினைவு உடம்பில் எங்கே இருக்கிறது? மூளையில் இல்லை. மூளையே இல்லாத உயிர்களுக்கும் இப்படி நினைவு இருக்கிறது. தயிர்ச் சட்டிக்குள் இருக்கும் பற்றீரியா, புகையிலைச் செடி, சின்ன மூளையுள்ள தேனீ என்று ஒவ்வொன்றும் தன்னிடம் எது இருக்கிறதோ அதில் எழுதி வைக்கிறது. எதில் எழுதுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த நினைவு எத்தனை நாள் நிற்கும், பிள்ளைக்குப் போகுமா போகாதா என்பதெல்லாம். முதலில் எங்கள் உடம்பையே பார்ப்போம்.

எங்கள் நினைவைச் சுமப்பவை இரத்தத்தில் ஓடும் வெண்குழியங்களில் இரண்டு வகை: பீ கலங்கள், ரீ கலங்கள். ஒவ்வொரு பீ கலமும் தன் மேற்பரப்பில் ஒரே ஒரு வடிவமுள்ள பிடிப்பானை வைத்திருக்கிறது. ஒன்றில் உள்ள வடிவம் அடுத்ததில் இருக்காது. இதை ஒரு திறப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பூட்டு வரப்போகிறது என்று தெரியாமலேயே உடம்பு கோடிக்கணக்கான திறப்புகளை முன்கூட்டியே வெட்டி வைத்திருக்கிறது. இத்தனை வடிவங்களுக்கும் தனித்தனிப் பரம்பரையலகு வைத்திருக்க எங்கள் உடம்பில் இடம் இல்லை. கொஞ்சத் துண்டுகளை எடுத்து, ஒவ்வொரு கலத்திலும் வேறு வேறு மாதிரிச் சேர்த்து ஒட்டியே உடம்பு இத்தனை வகையை உண்டாக்குகிறது. 1976இல் இதைக் காட்டியவர் ஜப்பானியரான சுசுமு தொனெகாவா. அதற்காக 1987இல் நோபல் பரிசு பெற்றார்.

புதிதாக ஒரு கிருமி உள்ளே வருகிறது. கோடிக்கணக்கான கலங்களில் ஒரு சிலவற்றின் திறப்பு மட்டும் அதோடு ஓரளவு பொருந்தும். அந்தக் கலங்கள் நிணநீர்க் கணுக்களுக்குள் இருந்து பெருகத் தொடங்கும். காய்ச்சலோடு கழுத்திலோ கக்கத்திலோ நெறி கட்டுகிறதே, அது இந்த வேலை நடக்கிற இடம்தான். பெருகும்போது திறப்பின் வடிவத்தில் சின்னச் சின்ன மாற்றங்களும் நடக்கின்றன. முன்னையதைவிட நன்றாகப் பொருந்துவது தப்பும், பொருந்தாதது சாகும். இப்படித் தேறி வந்த கலங்கள் அதே வடிவத்தைப் புரதங்களாக உற்பத்தி செய்து இரத்தத்தில் விடுகின்றன. அவைதான் பிறபொருளெதிரிகள். கிருமியில் போய் ஒட்டி அதை முடக்குபவை. ரீ கலங்களின் வேலை வேறு. பிறபொருளெதிரியால் கலத்துக்குள்ளே நுழைய முடியாது. வைரஸ் ஒன்று எங்கள் சொந்தக் கலத்துக்குள் புகுந்துகொண்டால், அந்தக் கலத்தைக் கண்டுபிடித்துக் கொல்வது ரீ கலங்களில் ஒரு பிரிவு. இந்த ரீ கலங்களை மனதில் வையுங்கள், அம்மம்மாவின் கதையில் இன்னொருமுறை வருவார்கள்.

இந்த ஏற்பாடு முழுவதும் முதல்முறை நடந்து முடிய ஒரு கிழமை, இரண்டு கிழமை ஆகும். நாங்கள் பாயில் கிடக்கும் காலம் அதுதான்.

சண்டை முடிந்ததும் பெருகிய கலங்களில் பெரும்பகுதி செத்துப்போகும். ஒரு பகுதி மட்டும் மிஞ்சும். வேளாண்மை வெட்டிச் சூடடித்ததும் எல்லா நெல்லையும் விற்றுவிடுவதில்லை அல்லவா, நல்ல மணியாகப் பார்த்து விதைநெல் என்று ஒதுக்கிக் கட்டி வைப்போம். அப்படி ஒதுக்கப்பட்டவைதான் நினைவுக் கலங்கள். அவை ஏற்கெனவே தேறியவை, எண்ணிக்கையிலும் கூட. அதே கிருமி திரும்ப வந்தால், சில நாட்களுக்குள் அவை படையாகப் பெருகிவிடும். பல தடவை எங்களுக்குக் காய்ச்சல்கூட வராது. உள்ளே ஒரு சண்டை நடந்து முடிந்ததே தெரியாது.

இன்னொரு கூட்டம் எலும்பு மச்சைக்குள் போய்க் குந்திக்கொள்கிறது. அவை பல வருடங்களுக்கு அதே பிறபொருளெதிரியைச் சுரந்துகொண்டே இருக்கும். இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்று உண்டு. இரத்தத்தில் மிகுதியாக உள்ள பிறபொருளெதிரி வகையில் பாதி ஏறத்தாழ மூன்று கிழமைக்குள் அழிந்துவிடும். அப்படியென்றால், ஏழு வயதில் வந்த பொக்குளிப்பானுக்கு எதிராக இன்று என் இரத்தத்தில் ஓடுவது அன்று செய்து வைத்த சரக்கு இல்லை. அநேகமாக இந்த மாதமோ போன மாதமோ செய்தது. உடம்பு நினைவை ஒரு பெட்டிக்குள் பூட்டி வைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

எத்தனை நாளுக்குச் செய்யும்? 1918இல் உலகம் முழுவதும் பரவிய இன்புளுவன்சாக் காய்ச்சலில் தப்பியவர்கள் 32 பேரின் இரத்தத்தைச் சோதித்து 2008இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். அவர்களுக்கு அப்போது வயது 91 முதல் 101 வரை. 90 வருடத்துக்கு முந்திய அந்த வைரஸுக்குப் பொருந்தும் பீ கலங்கள் சிலருடைய இரத்தத்தில் இன்னும் உயிரோடு இருந்தன.

தடுப்பூசி செய்வது இதே வேலையை, பாயில் கிடக்கும் பகுதி இல்லாமல். கிருமியை வலுவிழக்கச் செய்தோ, கொன்றோ, அதில் ஒரு துண்டை மட்டும் எடுத்தோ உடம்புக்குக் காட்டுகிறோம். விதைநெல் ஒதுக்கும் வேலை நடந்துவிடுகிறது. 1796இல் எட்வேட் ஜென்னர் மாட்டம்மைச் சீழைப் பையன் ஒருவனுக்கு ஏற்றியதிலிருந்து தொடங்கிய பயணம், 1980இல் பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று அறிவித்ததில் போய் நின்றது.

சரி, இப்போது தயிர்ச் சட்டிக்கு வருவோம்.

படுவான்கரைப் பக்கம் எருமை வைத்திருக்கும் வீடுகளில் தயிர் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பாலை வற்றக் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, முந்தின நாள் தயிரில் கொஞ்சம் உறையாக விட்டுச் சட்டியில் ஊற்றி மூடி வைப்பார்கள். விடியும்போது சட்டியைச் சரித்தாலும் தயிர் அசையாது. பாலைத் தயிராக்குவது பற்றீரியாக்கள். அந்தப் பற்றீரியாக்களுக்கும் வருத்தம் வரும், அவற்றையும் வைரஸ் பிடிக்கும் என்பது பலர் நினைத்துப் பார்க்காத விஷயம். பற்றீரியாவைத் தின்னும் வைரஸ்கள் உலகத்தில் எண்ணிக்கைக்கு அடங்காமல் இருக்கின்றன. பெரிய பால் தொழிற்சாலைகளில் உறைக்கு விடும் பற்றீரியாவை வைரஸ் பிடித்தால் தொட்டி தொட்டியாகப் பால் உறையாமல் கெட்டுப்போகும். அதனால்தான் டனிஸ்கோ என்ற உணவுப்பொருள் கம்பனியின் ஆய்வாளர்கள் இதைத் தோண்டத் தொடங்கினார்கள். ரொடோல்ஃப் பரங்கூ, பிலிப் ஓர்வாத் ஆகியோரின் குழு 2007இல் வெளியிட்ட முடிவு உயிரியலையே புரட்டிப் போட்டது.

அவர்கள் எடுத்துக்கொண்டது ஸ்ரெப்ரோகொக்கஸ் தேமோபிலஸ் என்ற, தயிர் உறையவைக்கும் பற்றீரியா. அதற்குள் வைரஸை விட்டார்கள். பெரும்பாலானவை செத்தன. தப்பிய கொஞ்சத்தை எடுத்து, பரம்பரைச் செய்தி எழுதியிருக்கும் அவற்றின் டீ.என்.ஏ.யைப் படித்துப் பார்த்தார்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில், முன்பு இல்லாத ஒரு சின்னத் துண்டு புதிதாகச் சேர்ந்திருந்தது. ஏறத்தாழ 30 எழுத்து நீளம். அந்த எழுத்துகள் பற்றீரியாவுடையவை அல்ல, தாக்க வந்த வைரஸின் டீ.என்.ஏ.யில் உள்ளவை. வீட்டுக்குள் வந்த கள்ளனின் சாரத்தில் ஒரு துண்டைக் கிழித்து எடுத்து வைத்துக்கொள்வது மாதிரி. அடுத்த தடவை அதே சாரத்தோடு ஒருத்தன் வந்தால் துண்டை வைத்துப் பார்த்து ஆளைப் பிடித்துவிடலாம். ஆய்வாளர்கள் அந்தத் துண்டை நீக்கினால் பாதுகாப்பும் போய்விட்டது. வைரஸுக்குத் தோற்கும் பற்றீரியாவுக்குள் அந்தத் துண்டைச் செருகினால் பாதுகாப்பு வந்தது. வைரஸ் தன் எழுத்தில் ஒன்றை மாற்றிக்கொண்டு வந்து தப்பியதும் உண்டு.

இந்த ஏற்பாட்டின் பெயர் கிறிஸ்பர். பற்றீரியா அந்தத் துண்டிலிருந்து ஒரு பிரதி எடுத்து, வெட்டும் புரதம் ஒன்றின் கையில் கொடுத்துவிடுகிறது. அந்தப் புரதம் உள்ளே வரும் டீ.என்.ஏ.யோடு பிரதியைப் பொருத்திப் பார்க்கும், பொருந்தினால் வெட்டிவிடும். புதிய துண்டுகள் வழக்கமாக ஒரே பக்கத்தில்தான் சேர்கின்றன. ஆகவே பற்றீரியாவின் அந்த இடத்தை வாசிப்பது ஒரு நாட்குறிப்பை வாசிப்பது போல. எந்த வைரஸ் கடைசியாக வந்தது, எது அதற்கு முந்தி வந்தது என்று வரிசையாக இருக்கும். இதே போன்ற மர்மத் துண்டுகளை ஸ்பெயினில் உப்பளங்களில் வாழும் நுண்ணுயிரில் 1990களிலேயே பார்த்து, அவை வைரஸோடு பொருந்துகின்றன என்று 2005இல் எழுதியவர் பிரான்சிஸ்கோ மொகிகா. பிறகு இந்த வெட்டும் புரதத்தை நாங்கள் விரும்பிய இடத்தில் வெட்ட வைக்கலாம் என்று 2012இல் காட்டிய எம்மானுவெல் ஷார்ப்பெண்டியேயும் ஜெனிபர் டவுட்னாவும் 2020இல் நோபல் பரிசு பெற்றார்கள். அரிவாள்கலச் சோகை என்ற பரம்பரை இரத்த நோய்க்கு இந்த முறையில் செய்த சிகிச்சைக்கு 2023இல் பிரித்தானியா அனுமதி கொடுத்தது. தயிர்ச் சட்டியில் நடக்கும் ஒரு சண்டையைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது. அடிப்படை ஆராய்ச்சிக்குச் செலவழிக்கும் பணம் வீண் என்று சொல்பவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

இப்போது எங்கள் நடு அறைக்குத் திரும்புங்கள். பற்றீரியா நினைவைத் தன் டீ.என்.ஏ.யிலேயே எழுதிவிடுகிறது. ஆகையால் அது இரண்டாகப் பிரியும்போது இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த நினைவு கிடைக்கிறது. அம்மம்மா எழுதி வைத்தது தன் வெண்குழியங்களில். பிள்ளை உருவாகும் முட்டைக்கும் வெண்குழியத்துக்கும் தொடர்பு இல்லை. அம்மம்மாவுக்கு வந்த பொக்குளிப்பானின் நினைவு அம்மாவுக்குப் போகவில்லை. அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதற்குக் காரணம் அதுதான்.

ஆனாலும் தாய் கொஞ்சக் காலத்துக்குக் கைமாற்றாகக் கொடுப்பார். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் பிறபொருளெதிரிகள் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். அவற்றைச் செய்யும் கலம் போவதில்லை, செய்து முடித்த பொருள் மட்டும்தான். அது மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தீர்ந்துவிடும். எங்கள் நாட்டில் சின்னமுத்துக்கான முதல் ஊசியைப் பிள்ளைக்கு 9 மாதத்தில் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கு முந்திப் போட்டால், தாயிடமிருந்து வந்த பிறபொருளெதிரியே ஊசியில் உள்ள வலுவிழந்த வைரஸை முடக்கிவிடலாம். பிள்ளையின் உடம்பு எதையும் கற்றுக்கொள்ளாமல் போய்விடும். பிந்திப் போட்டால் கைமாற்று தீர்ந்துபோன பிள்ளை வெறுங்கையோடு நிற்கும். கிளினிக் அட்டையில் எழுதியிருக்கும் திகதிக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது.

மாட்டுப்பட்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னும் முக்கியமான சேதி. பசுவுக்கும் எருமைக்கும் பிறபொருளெதிரி நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்குப் போகாது. கன்று பிறக்கும்போது அதன் இரத்தத்தில் அநேகமாக ஒன்றும் இருக்காது. எல்லாம், கன்று ஈன்றதும் முதலில் சுரக்கும் கடும்புப் பாலில்தான் இருக்கிறது. அதையும் கன்றின் குடல் முழுசாக உறிஞ்சக்கூடியது பிறந்த முதல் சில மணித்தியாலங்களில். ஒரு நாள் போனால் அந்தக் கதவு மூடிவிடும். கடும்புப் பாலைக் காய்ச்சிச் சர்க்கரை போட்டுச் சாப்பிட எங்களுக்கு ஆசைதான். ஆனால் கன்று வயிறு நிறையக் குடித்த பிறகு மிஞ்சுவதை எடுப்பதுதான் நியாயம். குடிக்காத கன்று கழிச்சலில் போய்விடுவதைப் பட்டிக்காரர்கள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்கள். கோழி இதையே முட்டையின் மஞ்சள் கருவில் வைத்துக் குஞ்சுக்குக் கொடுக்கிறது.

தேனீயின் வழி இதைவிட விசித்திரம். பூச்சிகளுக்கு பீ கலமும் இல்லை, பிறபொருளெதிரியும் இல்லை. ஆனால் இராணித் தேனீ சாப்பிடும் உணவில் செத்த பற்றீரியாவின் துண்டுகள் இருந்தால், முட்டைக்கு ஊட்டம் கொண்டுபோகும் ஒரு புரதம் அந்தத் துண்டுகளையும் சுமந்துகொண்டு போய் முட்டைக்குள் சேர்க்கிறது. பொரித்து வரும் புழுக்கள் அந்தக் கிருமியைத் தாங்கும் வலுவோடு வருகின்றன. 2015இல் இது வெளியானது. இதை வைத்துத் தேனீக்களுக்கே ஒரு தடுப்பு மருந்து செய்து, 2023 தொடக்கத்தில் அமெரிக்காவில் நிபந்தனையோடு அனுமதி பெற்றார்கள். ஊசி இல்லை. இராணிக்குக் கொடுக்கும் தீனியில் கலந்துவிடுகிறார்கள், பிள்ளைகள் பாதுகாப்போடு பிறக்கின்றன.

இறாலுக்கும் பிறபொருளெதிரி இல்லை. 1990களில் புத்தளம் பக்கத்து இறால் பண்ணைகளை வெண்புள்ளி வைரஸ் அழித்தபோது தடுப்பூசி என்று ஒன்று கையில் இருக்கவில்லை. அந்த வைரஸின் புரதம் ஒன்றைத் தீனியில் கொடுத்தால் சில கிழமைக்கு ஓரளவு தாங்குகிறது என்று பிறகு கண்டார்கள். எப்படித் தாங்குகிறது என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

செடிகளுக்கு இரத்த ஓட்டமே இல்லை, ஓடித் திரியும் கலமும் இல்லை. ஒரு செடியின் கீழ் இலையில் வந்த நோயை மேல் இலை எப்படி அறியும்? 1961இல் ஃப்ராங்க் ரொஸ் என்ற அமெரிக்கர் புகையிலைச் செடியின் கீழ் இலைகளில் ஒரு வைரஸைத் தேய்த்தார். இலையில் புள்ளி புள்ளியாகக் கருகியது. சில நாள் கழித்து அதே செடியின் மேல் இலைகளில் அதே வைரஸைத் தேய்த்தார். புள்ளிகள் குறைவாகவும் மிகச் சிறியதாகவும் வந்தன. கீழ் இலை பட்ட அடியை மேல் இலை அறிந்து தயாராக இருந்திருக்கிறது.

இந்தத் தயார்நிலைக்கு முக்கியமான பொருள் சலிசிலிக் அமிலம். தலையிடிக்குக் கரைத்துக் குடிக்கும் அஸ்பிரின் எங்கள் உடம்புக்குள் போய் மாறுவதும் இதே பொருளாகத்தான். 1979இல் ஒருவர் புகையிலைக்கு அஸ்பிரின் ஏற்றிப் பார்த்தார், செடி வைரஸைத் தாங்கியது. இதன் இன்னொரு வடிவம் காற்றில் ஆவியாகப் பறக்கக்கூடியது. மூட்டு வலிக்குப் பூசும் தைலங்களில் மூக்கைத் துளைக்கிற வாசனை ஒன்று வருமே, அது அந்தப் பொருள்தான். நோய்ப்பட்ட புகையிலை அதைக் காற்றில் விடும்போது பக்கத்துச் செடியும் தன்னைத் தயார்படுத்திக்கொள்கிறது.

எங்கள் ஆட்களுக்குப் புகையிலையைவிட வேளாண்மைதான் மனதுக்குப் பக்கம். மாரிப் போகத்தில் விடியற்காலைப் பனி விழுந்து வரம்பு நனைந்திருக்கும் நாட்களில், இலையில் கண் வடிவில் மண்ணிறப் புள்ளி விழுந்து நடுவில் சாம்பல் பூத்திருக்கும். இதுதான் எரிபந்தம், நெல்லுக்கு வரும் பூஞ்சண நோய். ஜப்பானில் 1970களிலிருந்து இதற்குப் பாவிக்கும் புரொபெனசோல் என்ற மருந்தின் முக்கிய வேலை பூஞ்சணத்தை நேரே கொல்வது அல்ல. நெற்பயிரின் சொந்தத் தற்காப்பை உசுப்பி விடுகிறது, சண்டை பிடிப்பது பயிர். ஆனால் செடியின் நினைவு எங்களுடையது மாதிரி ஆளைப் பார்த்து அடையாளம் பிடிப்பது அல்ல. பொதுவான ஓர் உஷார் நிலை, நாளாக நாளாகத் தணிந்துவிடும். ஒரு சில செடிகளில் அது விதை வழியாக அடுத்த தலைமுறைக்கும் கொஞ்சம் போகிறது என்று 2012இல் காட்டினார்கள். டீ.என்.ஏ.யின் எழுத்து மாறுவதில்லை. அதன் மேல் ஒட்டியிருக்கும் அடையாளங்கள் மாறுகின்றன.

அப்படி ஓர் உஷார் நிலை எங்களிடமும் உண்டு. உங்கள் இடது தோளைப் பாருங்கள். அநேகமாக ஒரு சின்ன வட்டத் தழும்பு இருக்கும். பிறந்த கையோடு ஆஸ்பத்திரியில் போட்ட பீ.சீ.ஜீ. ஊசி அது, காச நோய்க்கானது. ஆனால் அந்த ஊசி போட்ட பிறகு, நினைவே இல்லாதவை என்று நெடுங்காலம் நினைத்திருந்த சாதாரண வெண்குழியங்களும் காச நோயோடு சம்பந்தமில்லாத கிருமிகளைக்கூட வேகமாக எதிர்க்கின்றன என்று நெதர்லாந்தில் மிஹாய் நெற்றெயாவின் குழு 2012இல் காட்டியது. இங்கேயும் எழுத்து மாறவில்லை, அதன் மேல் உள்ள அடையாளங்கள்தான். புகையிலைச் செடி செய்வதை எங்கள் இரத்தமும் கொஞ்சம் செய்கிறது.

நினைவு இருந்தால் எப்போதும் நல்லதுதான் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே நாங்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டியது டெங்கு. அதில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்தால் அந்த வகைக்கு நீண்ட காலப் பாதுகாப்பு. மற்ற மூன்றுக்கும் சில மாதம்தான். அதற்குப் பிறகு வேறு வகை வந்தால், பழைய பிறபொருளெதிரி புதிய வைரஸில் ஒட்டும், ஆனால் முடக்காது. ஒட்டிய பிறபொருளெதிரியையே கைப்பிடியாகப் பிடித்து வைரஸ் வெண்குழியத்துக்குள் சுலபமாக நுழைந்துவிடும். இரண்டாம் முறை வரும் டெங்கு முதலாவதைவிட ஆபத்தாவதற்கு இது ஒரு முக்கிய காரணம். 2017இல் எங்கள் நாட்டில் 186,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு பதிவானது. அந்த வருடம் முன்னுக்கு வந்தது அதற்கு முந்திய சில வருடங்களில் குறைவாக இருந்த இரண்டாம் வகை. ஆகவே மழை தொடங்கிக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், முந்தி டெங்கு வந்திருந்தால் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். "எனக்கு ஒருக்கா வந்திட்டு, இனி வராது" என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். பொக்குளிப்பானுக்குச் சரியான வார்த்தை டெங்குக்குச் சரியில்லை.

மலேரியாவுக்கு எங்கள் நினைவு அரைகுறைதான். அந்த ஒட்டுண்ணி தன் மேல்சட்டையை மாற்றிக்கொண்டே இருக்கும். திரும்பத் திரும்ப வந்து வந்துதான் கொஞ்சம் தாங்கும் சக்தி உண்டாகும், வராமல் விட்டால் அதுவும் தேய்ந்துவிடும். அப்பாவின் காலத்தில் வயலில் நிற்பவர்களுக்கு நடுக்கக் காய்ச்சல் சாதாரணம். 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. பெரிய வெற்றி. ஆனால் அதன் மறுபக்கம், இன்றைக்கு எங்கள் பிள்ளைகளின் உடம்புக்கு மலேரியாவைத் தெரியாது. வெளிநாட்டிலிருந்து அது திரும்ப வராமல் காவல் இருப்பது அதனால்தான்.

ஏற்புவலி (ரெற்றனஸ்) இன்னொரு மாதிரி. காயத்துக்குள் போகும் கிருமி விடும் நஞ்சு மிகக் கொஞ்சமாக இருந்தாலே ஆளைக் கொல்லும், உடம்பு பார்த்துப் படிக்க அந்த அளவு காணாது. வருத்தம் வந்து பிழைத்தவருக்கும் நினைவு உண்டாகாது. மண்வெட்டி காலில் பட்டால் ஏற்பு ஊசிக்குப் போகத்தான் வேண்டும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பயம் தருவது சின்னமுத்துதான். அந்த வைரஸ் தேடிப் போய்ப் பிடிக்கும் கலங்களில் நினைவுக் கலங்களும் உண்டு. நெதர்லாந்தில் ஊசி போடாமல் சின்னமுத்து வந்த பிள்ளைகளின் இரத்தத்தை முன்னும் பின்னும் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். வேறு வேறு கிருமிகளுக்கு எதிராக ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த பிறபொருளெதிரிகளில் 11 முதல் 73 வீதம் வரை காணாமல் போயிருந்தன. பிள்ளை சின்னமுத்திலிருந்து எழும்பிவிட்டது என்று நாங்கள் ஆறுதல் அடையும்போது, அதன் உடம்பு முந்திப் படித்த பாடங்கள் அழிந்து கிடக்கும். ஊசியில் உள்ள வலுவிழந்த வைரஸ் இந்த அழிவைச் செய்வதில்லை.

அம்மம்மாவுக்கு 78 வயதிருக்கும்போது ஒரு நாள் இடது பக்க விலாவில் எரிகிறது என்றார். அடுப்பு வெக்கை பட்டதாக்கும் என்றுதான் முதலில் நினைத்தோம். இரண்டு நாளில் முதுகிலிருந்து நெஞ்சு வரை ஒரு பக்கத்தில் மட்டும் பட்டி மாதிரிக் கொப்புளம் போட்டுவிட்டது. அக்கி. வைத்தியர் விளக்கியபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. குமர்ப் பிள்ளையாக இருந்தபோது வந்த பொக்குளிப்பான் வைரஸ் அவர் உடம்பை விட்டுப் போகவேயில்லை. முள்ளந்தண்டுப் பக்கத்தில் நரம்பு முடிச்சுகளுக்குள் அறுபது வருடமாகப் படுத்திருந்தது. அவரது ரீ கலங்கள் அத்தனை காலமும் அதை வெளியில் விடாமல் காவல் இருந்தன. வயது போகப் போக அந்தக் காவல் தளர்ந்ததும், ஒரு நரம்பின் வழியாக அது இறங்கி வந்துவிட்டது. அம்மம்மா சொன்னது பொய் இல்லை. வெளியிலிருந்து அந்த வருத்தம் அவருக்குத் திரும்ப வரவில்லை. உள்ளே இருந்ததுதான் எழும்பியது.

அக்கி அக்கியாக இன்னொருவருக்குத் தொற்றாது. ஆனால் அந்தக் கொப்புளத்து நீர் பட்டால், பொக்குளிப்பான் வராத ஒருவருக்குப் பொக்குளிப்பான் வரும். தம்பியின் மகளுக்கு அப்போது மூன்று வயது, அம்மம்மாவின் மடியை விட்டு இறங்காத பிள்ளை. அவளைக் கல்லாற்றுக்கு அனுப்பினோம். அம்மாவை இந்தமுறையும் உள்ளே விடவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பாயை உதறிப் போட்டுவிட்டு அம்மம்மாவின் பக்கத்தில் படுத்தேன்.